முப்பத்திரண்டு கத்திக்கு ஒரு தொட்டி

"எதுல முக்கினாலும் என் கத்தி தோத்துப்போகுது. ஏன்?"

சவரியப்பன் கேட்டார்.

மரகதம் தலை தூக்கவில்லை. லாரிக்கு அடியில் பொருத்தும் வில்பட்டைகளை அடுக்கி, நடுத் துளையில் போல்ட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டவருக்கு அறுபத்தொரு வயது. கேட்கப்பட்டவளுக்கு முப்பத்தாறு. மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் அவரைத் தலைவர் என்பார்கள். அடிவாரத்துப் பட்டறையில் அவளை மேஸ்திரி என்பார்கள்.

தலைவர் என்பது கூட்டம் கொடுக்கிற பட்டம். கூட்டம் கலைந்தால் அதுவும் கலையும். மேஸ்திரி என்பது கை கொடுக்கிற பட்டம்.

அவர் சாக்கைக் கவிழ்த்தார். பதினொரு கத்திகள் விழுந்தன. ஏழு உடைந்தவை. நான்கு கரண்டிக் காம்பு போல வளைந்தவை.

மரகதம் போல்ட்டை முறுக்கி முடித்தாள். கையைத் துடைத்தாள். உடைந்த ஒன்றை எடுத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தண்ணி."

"ஆமா. பழுக்கக் காய்ச்சி ஊற்றுத் தண்ணியில போட்டேன்."

"மலை ஊற்றா? ஐஸ் மாதிரி இருக்குமே."

"சுத்தமான தண்ணிம்மா."

"குடிக்க நல்லது."

வளைந்த ஒன்றை எடுத்தாள்.

"இது?"

"உடையுதேன்னு, இதைச் சாம்பலுக்குள்ள புதைச்சு மெதுவா ஆற விட்டேன். உடையலை. ஆனா செடியில வெச்சா கத்தி வளையுது, கிளை நிக்குது."

"கிளைக்கு எஸ்டேட் மேல விசுவாசம்."

அவர் சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலையில் இல்லை. முப்பத்திரண்டு பேருடைய வயிறு அந்தச் சாக்கில் இருந்தது.

கவாத்துக் காலம். தேயிலைச் செடியைக் கழித்துவிடும் ஆட்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை செடி என்று கணக்கு உண்டு. நிர்வாகம் அதில் முப்பது செடியைக் கூட்டியது. முப்பத்திரண்டு பேர் முடியாது என்றார்கள். நிர்வாகம் சண்டை போடவில்லை. கத்திகளை எண்ணி வாங்கி அறையில் வைத்துப் பூட்டியது. கத்தி எஸ்டேட் சொத்து. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.

மலையின் மறுசரிவில் சிறு விவசாயிகளின் தோட்டங்கள் இருந்தன. அங்கே கவாத்து வேலை இருந்தது. "திங்கக்கிழமை காலையில கத்தியோட வாங்க. வராட்டி கீழேயிருந்து கான்ட்ராக்ட் ஆள் வந்துடும்" என்று சொல்லியிருந்தார்கள்.

வேலை இருந்தது. ஆள் இருந்தார்கள். கை இருந்தது. கத்தி இல்லை. ஒருவனை மண்டியிட வைக்க அவன் காலை உடைக்க வேண்டியதில்லை. கருவியைப் பூட்டினால் போதும்.

கடையில் வாங்கும் கத்தி முற்றிய தண்டில் இரண்டு நாள் தாங்காது. அதனால் லாரிப் பட்டையை வெட்டி, தொழிலாளர் லயன் வீட்டு வாசல்களில் ஆளுக்கொரு அரத்தோடு உட்கார்ந்து கத்தி செய்யத் தொடங்கினார்கள். வடிவம் வந்தது. உறுதி வரவில்லை.

"ஒண்ணு உடைஞ்சு எங்க ஆள் பவுன்ராஜ் தொடையில ஏறிடுச்சு," என்றார் சவரியப்பன். "ஏழு தையல். நீ காய்ச்சுற பதத்தை மட்டும் சொல்லிக் கொடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"காய்ச்ச உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? முப்பது வருஷமா மைக்கைப் பிடிச்சு அதைத்தானே பண்றீங்க?"

"கிண்டல் வேண்டாம். எட்டு நாள்தான் இருக்கு."

"அப்போ நேரத்தை வீணாக்காதீங்க. போய் ஒரு தொட்டி கொண்டு வாங்க."

"தொட்டியா? நான் கத்தி கேட்டு வந்தேன்."

"காய்ச்சினதை இறக்க எண்ணெய்த் தொட்டி வேணும். அது வர்ற வரைக்கும் நீங்க என் உலைப் பக்கம் வரக் கூடாது."

"எப்படிப்பட்ட தொட்டி?"

அவள் அடுத்த பட்டையை எடுத்துவிட்டாள்.

*

மறுநாள் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்தார். லாரி ஷெட்டில் கழித்த ஆயிலை அதில் நிரப்பியிருந்தார்.

"இந்தா. காசு செலவில்லை. பட்டாளத்தையே முக்கலாம்."

மரகதம் டிரம்மைப் பட்டறை மூலைக்கு இழுத்தாள். அங்கே மணல் பரப்பியிருந்தது. ஏன் பரப்பியிருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

உலையிலிருந்து பழுத்த போல்ட் ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். டிரம்முக்குள் விட்டாள்.

சீறியது. புகைந்தது. பிறகு அடங்கியது.

"பாத்தியா?" என்றார் சவரியப்பன்.

அவர் செருப்பு நனைந்தது. குனிந்து பார்த்தார். அடியில் ஓட்டை. கறுப்பு எண்ணெய் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பிளாஸ்டிக்னு நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நோட்டீஸ் அடிச்சு ஒட்டிருவீங்க. செஞ்சிருக்க மாட்டீங்க."

அவர் கோபமாகக் கிளம்பினார். வாசலில் அவள் குரல் நிறுத்தியது.

"அந்த ஆயிலும் வேண்டாம். எவனோ வண்டி ஓட்டிக் கழிச்சது. அதுல என்னென்ன கலந்திருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் புகையை முப்பத்திரண்டு பேர் குடிக்கணுமா?"

*

அடுத்து ஓர் இரும்புக் குழாய். மூன்றடி உயரம், மணிக்கட்டு அகலம். அடியை அடைத்துப் பற்றவைத்திருந்தார்.

"இரும்பு," என்றார்.

மரகதம் காலின் பெருவிரலால் அதைத் தொட்டாள். குழாய் சாய்ந்து, விழுந்து, உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"வெறுங்குழாய். அதான் சிரிக்கிறோம்," என்றாள். அவள் மட்டும்தான் சிரித்தாள். "எண்ணெயோட, நெருப்போட விழுந்திருந்தா?"

அவர் வாய் திறக்குமுன் கவாத்துக் கத்தி ஒன்றை எடுத்துக் குழாய் வாயில் நுழைத்தாள். அரிவாள் மூக்குப் போன்ற வளைவு விளிம்பில் இடித்து நின்றது.

"கத்தியை அளந்தீங்களா?"

அவர் அளக்கவில்லை.

முப்பது வருடமாக அந்தக் கத்தியைப் பற்றிப் பேசியவர். கத்தி பிடித்த கையின் காய்ப்பைப் பற்றி நான்கு துண்டுப் பிரசுரம் எழுதியவர். கத்தி எத்தனை அங்குலம் வளைந்திருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவர் கோபப்படாமல் போனார். அளவு எடுத்துக்கொண்டு போனார்.

*

மூன்றாவது தொட்டியைப் பெருமையோடு தூக்கி வந்தார்.

எஸ்டேட் ஆபீஸ் சுவரில் பதினைந்து வருடம் செத்துத் தொங்கிய தீயணைப்பான். பழைய இரும்புக் கடையில் கிடந்தது. தலையை அறுத்திருந்தார். அடியில் அகலமான தகடு பற்றவைத்திருந்தார். கத்தியின் வளைவு உள்ளே இறங்கியது.

மரகதம் தட்டிப் பார்த்தாள். காலால் தள்ளிப் பார்த்தாள். நின்றது.

"அவங்க நெருப்பை அணைக்க வாங்கினது," என்றார் அவர். "நம்ம நெருப்புக்கு வந்திருக்கு."

"வசனம் நல்லாருக்கு. ஒழுகுமா?"

"தண்ணி நிரப்பிப் பாத்துட்டேன். ஒரு சொட்டு இல்லை."

"தண்ணி நிரப்பினீங்களா?"

"கவுத்துக் கொட்டிட்டேம்மா."

அவள் தொட்டியைப் பட்டறைக்கு வெளியே, வெட்டவெளியில் வைக்கச் சொன்னாள். தன்னிடமிருந்த புங்க எண்ணெயை அரைவாசி ஊற்றினாள். நீளமான இடுக்கியாக எடுத்தாள். "அந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள். பழுத்த இரும்புத் துண்டை எட்ட நின்று உள்ளே விட்டாள்.

அடியில் தேங்கியிருந்த கையளவு தண்ணீர் கொதித்தது.

எண்ணெய் பால் போலப் பொங்கியது. விளிம்பைத் தாண்டியது. தீப்பிடித்தது.

சவரியப்பன் ஓடினார். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். மரகதம் வாளியை உதைத்தாள். வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் விழுந்தார்.

இரும்புத் தகடு ஒன்றை எடுத்துத் தொட்டியின் வாய்மேல் தள்ளினாள். வெளியே வழிந்ததன் மேல் மணலை வாரிப் போட்டாள். நெருப்பு இரண்டு முறை நாக்கை நீட்டியது. பிறகு இல்லை.

"மூடி எங்கே?" என்றாள்.

"எதுக்கு மூடி?"

"ஏத்தத் தெரிஞ்சவருக்கு அடக்கத் தெரிய வேண்டாமா?"

அவர் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். புருவம் கருகியிருந்தது.

"நீ என்னை வேணும்னே அவமானப்படுத்துற. உனக்கு என் மேல என்ன?"

மரகதம் வாளியை நிமிர்த்தினாள்.

"நான் மேல பிறந்தவ. மூணாம் நம்பர் லயன். எனக்குப் பதினாறு வயசுல நீங்க பேக்டரி வாசல்ல பேசினீங்க. எங்கப்பா முன்வரிசை. நான் அவர் தோளுக்குப் பின்னால."

"அந்தப் பேச்சா!" அவர் முகம் சற்று நிமிர்ந்தது. "மலையே கேட்டுச்சு."

"இன்னைக்கும் எனக்கு மனப்பாடம். நல்ல பேச்சு."

அவர் காத்திருந்தார்.

"பேச்சு முடிஞ்சதும் ஜனங்க அப்படியே நின்னாங்க. எல்லாருக்கும் உடம்பு கொதிக்குது. எங்கே போறது, என்ன பண்றதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. யாரும் சொல்லலை. ஒருத்தன் கல்லை எடுத்தான். அப்புறம் எல்லாரும் எடுத்தாங்க. பதினோரு பேருக்கு வேலை போச்சு. எங்கப்பா பெட்டியைத் தூக்கிட்டு இறங்கினார். அப்படித்தான் நான் இந்தப் பட்டை வேலைக்கு வந்தேன்."

"என்னைக் கைது செஞ்சாங்க. பதினாலு மாசம் உள்ள இருந்தேன்."

"தெரியும். அதைத் தப்புன்னு சொல்லலை."

"உங்கப்பா பேர்?"

"செபமாலை."

சவரியப்பன் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"ஞாபகம் இல்லை," என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக மரகதம் அவருக்கு டீ போட்டாள்.

*

டீயைக் குடிக்காமல் அவர் சொன்னார்:

"புரிஞ்சிருச்சு. நீயும் ஆறப்போடத்தான் சொல்றே. மானேஜர் அதைத்தான் சொல்றான். லேபர் ஆபீசர் அதைத்தான் சொல்றான். பாதிரியார் ஞாயித்துக்கிழமை தவறாம சொல்றார். கொதிக்காதே, ஆறு, பொறு. இதைக் கேக்க நான் நாப்பது வளைவு இறங்கி வர வேண்டியதில்லை. கோயில் வாசல்லேயே கிடைக்கும்."

எழுந்தார்.

"உக்காருங்க," என்றாள்.

அவர் கொண்டுவந்த பட்டையிலிருந்து விரல் அளவு இரண்டு துண்டு வெட்டினாள். இரண்டையும் ஒரே உலையில் வைத்தாள். இரண்டும் ஒரே சிவப்பாகச் சிவந்தன. காந்தத்தை அருகில் கொண்டுபோனாள். ஒட்டவில்லை. "இப்போ சரி," என்றாள்.

ஒன்றைச் சாம்பலுக்குள் புதைத்தாள்.

இன்னொன்றைத் தன்னுடைய சின்ன எண்ணெய்ச் சட்டியில் முக்கினாள்.

பிறகு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு லாரி வந்தது, பட்டை மாற்றிக்கொண்டு போனது. டிரைவர் சவரியப்பனின் கருகிய புருவத்தைப் பார்த்து, "அக்கா, புது ஆளா? தேறுவாரா?" என்று கேட்டான். "பாக்கலாம்" என்றாள்.

வெயில் சாய்ந்தபோது சாம்பலைக் கிளறித் துண்டை எடுத்தாள். வைஸ் பிடியில் இறுக்கிக் கொடுத்தாள்.

"தட்டுங்க."

சுத்தியலால் தட்டினார். துண்டு பணிவாக மடங்கியது. மறுபக்கம் தட்டினார். அந்தப் பக்கமும் மடங்கியது. எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம்.

"இது ஆறினது," என்றாள்.

எண்ணெயில் முக்கியதைக் கொடுத்தாள். அவர் அரத்தை வைத்து இழுத்தார். கண்ணாடிமேல் போவது போல வழுக்கியது. இழுத்தார், மறுபடி இழுத்தார். அரம்தான் மழுங்கியது.

"இது?" என்று கேட்டார்.

மரகதம் பட்டறைக் கதவை அடைத்துக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸின் மேலிருந்து இரும்புப் பெட்டி ஒன்று இறங்கியது. நீளமானது, கனத்த தகடு, கீல் வைத்த மூடி. முன்பக்கத்தில் சங்கத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது.

முப்பது வருடமாகச் சங்கத்தின் துண்டுப் பிரசுரங்கள் அதற்குள் இருந்தன. கறையான் தொடாமல் இருக்க அவரே செய்வித்த பெட்டி. அவர் பெண்டாட்டியின் புடவைக்கு அந்த வீட்டில் அத்தனை நல்ல பெட்டி இருந்ததில்லை.

பிரசுரங்களைக் கோணிப்பையில் கட்டித் தனியாகக் கொண்டுவந்திருந்தார்.

மரகதம் சுற்றி வந்தாள். மூடியைத் தூக்கிப் போட்டாள். விளிம்போடு விளிம்பு உட்கார்ந்தது.

"தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"இல்லை. மூலையெல்லாம் உள்ளே பத்தவெச்சேன். வெளியே சுண்ணாம்பு பூசிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவிவெச்சேன். ராத்திரி பூரா. சுண்ணாம்புல கறை வரலை. துணியால துடைச்சு வெயில்ல வெச்சுட்டேன்."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லலை."

முதல் தடவையாக அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"எண்ணெய்?"

பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். பவுன்ராஜின் மனைவி ரோஸ்லின். தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒன்று. இறக்கிப் பிரித்தாள். ரேஷன் பாமாயில் பாக்கெட்டுகள். முப்பத்திரண்டு.

"கார்டுக்கு ஒண்ணு," என்றாள். "இந்த மாசம் வாங்கினது மொத்தம் இதுதான்."

"வீட்டுக்கு?" என்றாள் மரகதம்.

"ஒரு மாசம் அப்பளம் இல்லாம சாப்பிடலாம். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா ஆயுசுக்கும் சோறு இறங்காது."

மரகதம் பல்லால் முதல் பாக்கெட்டின் மூலையைக் கடித்தாள்.

"ஏம்மா," என்றாள் ரோஸ்லின், "முக்கி எடுத்தப்புறம் இந்த எண்ணெயில பலகாரம் சுடலாமா?"

"சுடலாம். மானேஜருக்குக் கொடுங்க."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். சவரியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

உலை மூட்டக் காகிதம் தேவைப்பட்டது. அவரே கோணிப்பையைப் பிரித்து ஒரு கட்டை நீட்டினார்.

"இது எந்த வருஷத்துது?" என்றாள் மரகதம்.

"எரியும். போடு."

எரிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முப்பத்திரண்டு பேரும் இரவல் லாரியில் இறங்கினார்கள். ஒவ்வொருவன் கையிலும் அவனே அராவிய கத்தி. வடிவம் இருந்தது. உயிர் இல்லை. காய்ச்சி முக்க வேண்டியதுதான் பாக்கி.

மரகதம் பழுத்த இரும்பைப் பெட்டிக்குள் விட்டு எண்ணெயைச் சூடாக்கினாள். "விரலை வைக்க முடியணும். வெச்சிருக்க முடியக் கூடாது," என்றாள். சவரியப்பன் விரலை வைத்து, உதறி எடுத்து, "சரி" என்றார்.

முதல் கத்தி உலைக்குள் போனது. பவுன்ராஜின் கத்தி.

அப்போது ஜீப் வந்தது.

எஸ்டேட்டின் பெரிய கிளார்க் சுகுமாரன் இறங்கினார். நல்ல சட்டை. கையில் காகிதக் கட்டு.

"லேபர் ஆபீசரோட பேச்சுவார்த்தை இருபதாம் தேதிக்குத் தள்ளிவெச்சாச்சு," என்றார். "அதுவரைக்கும் எல்லாரும் அமைதியா இருங்க. இப்போவே கையெழுத்துப் போடுறவனுக்கு நாளைக்குக் காலையில கத்தி. மானேஜர் துரை பெரிய மனசு பண்ணியிருக்கார்."

யாரும் காகிதத்துக்குக் கை நீட்டவில்லை.

அவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்தினார்.

"என்னப்பா இது, பாமாயிலா? கத்தியை வடை மாதிரி சுடறீங்களா? இதை வெச்சுத் தேங்காய்கூட உடைக்க முடியாது. மறு தொடையிலயும் தையல் போடணுமா பவுன்ராஜ்?"

பவுன்ராஜ் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தான். குனிந்தான். நிமிர்ந்தபோது கையில் கல் இருந்தது.

அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் குனிந்தார்கள்.

ஜீப் டிரைவர் எஞ்சினை முடுக்கினான். கிளார்க்கின் முகம் வெளுத்தது. ஆனால் வாய் ஓரம் சிரித்தது. ஒரு கல் போதும். ஒரே ஒரு கல் ஜீப்பில் பட்டால் நாளைக்குக் காலையில் கவாத்து இல்லை, போலீஸ் ஸ்டேஷன்தான். அது கிளார்க்குக்குத் தெரியும். கல்லை எடுத்தவனுக்குத் தெரியாது. எப்போதும் அப்படித்தான்.

"தலைவரே!" என்று கத்தினான் பவுன்ராஜ். "சொல்லுங்க! என்ன பண்ணலாம்?"

முப்பத்திரண்டு முகமும் திரும்பின.

சவரியப்பனுக்குள் பழைய குரல் எழுந்தது. சொற்கள் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன. நல்ல சொற்கள். மலை கேட்கும்.

வாயைத் திறந்தார்.

"சிவந்துருச்சு," என்றாள் மரகதம்.

அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவந்த இரும்பு காத்திருக்காது. இன்னும் கொஞ்சம் போனால் கருகிக் கெடும். வெளியே எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தால் ஆறிக் கெடும்.

சவரியப்பன் வாயை மூடினார்.

இடுக்கியை எடுத்து நீட்டினார்.

"பவுன்ராஜ். உன் கத்தி."

"தலைவரே, அவன் என்ன பேசினான்னு..."

"உன் கத்தி, பவுன்ராஜ்."

பட்டறை இடுக்கி கனமானது. இரண்டு கையும் வேண்டும்.

கல் கீழே விழுந்தது.

பவுன்ராஜ் சிவந்த கத்தியை உலையிலிருந்து எடுத்தான். சவரியப்பன் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்று, மேடையில் ஒருநாளும் பேசாத குரலில் பேசினார்.

"நேரா இறக்கு. பயப்படாதே. பக்கவாட்டுல ஆட்டாதே, கோணிக்கும். அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும். அப்படித்தான். விடாதே. கையை எடுத்துராதே. இன்னும். இன்னும்."

எண்ணெய் சீறியது. விளிம்பில் ஒரு தீ நாக்கு எழுந்தது. ரோஸ்லின் மூடியைப் பிடித்தபடி தயாராக நின்றாள். தீ தானாகவே சுருண்டு படுத்தது.

கத்தி வெளியே வந்தது. கறுப்பாக, நேராக.

"அரத்தைப் போடு," என்றாள் மரகதம்.

பவுன்ராஜ் அரத்தை வைத்து இழுத்தான். கீச்சென்று வழுக்கியது. நம்பாமல் மறுபடி இழுத்தான். வழுக்கியது. அவன் அரத்தைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். தொடையைத் தடவிக்கொண்டான்.

மரகதம் கத்தியை வாங்கி உலையோரத் தகட்டில் வைத்தாள். "இப்போ கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே போட்டா உடையும். வைக்கோல் நிறம் வர்ற வரைக்கும் இளஞ்சூட்டுல கிடக்கட்டும். அப்புறம் பிடி போட்டுக்கலாம்."

பவுன்ராஜ் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. திரும்பினான்.

"அடுத்த ஆள் யாருப்பா?"

ஒருவன் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒருவன். கல் வைத்திருந்தவர்கள் அதை எங்கே போட்டார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. உலையிலிருந்து பட்டறை வாசல் வரைக்கும், வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். சத்தம் இல்லை. எண்ணெய் சீறும், அரம் வழுக்கும், "அடுத்து" என்று ஒரு குரல்.

சவரியப்பன் ஒதுங்கி நின்றார். யாரும் அவரைத் தேடவில்லை. அவருக்கு அது கசந்தது. அதைவிட அதிகமாக, இனித்தது.

கிளார்க் காகிதக் கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எட்டிப் பார்த்தார். இருமினார்.

"என்னப்பா, யாரும் கையெழுத்துப் போடலையா? துரைக்கு நான் பதில் சொல்லணும். எவ்வளவு நேரம் நான் இப்படி நிக்கிறது?"

பவுன்ராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கத்தி சிவந்துகொண்டிருந்தது.

"வரிசையில வாங்க சார்," என்றான். "உங்களுக்கு முன்னால இன்னும் இருபத்தெட்டு பேர் நிக்கிறாங்க."